கையால் கட்டிய யந்திரம்

தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தப் புடவைக்குச் சொல்லி வைக்கலாமென்று திருப்புட்குழிக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் போகும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்திருக்கும் ஊர். புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஸ்தல புராணம். இளம் வயதில் இராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். குரு சொன்ன அர்த்தத்தை அப்படியே விழுங்காமல், தாமே யோசித்துப் பார்த்த மாணவர் அவர். அந்தக் குணம் இந்த ஊரில் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை அன்று கண்டேன்.

நான் தேடிப்போன நெசவாளர் எனக்கு இருபது வருஷப் பழக்கம். கூடத்தில், தறிக் குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தார். எதிரே அவருடைய மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, தரையெல்லாம் அட்டைப் பெட்டிகளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒரு பச்சைப் பலகை, சின்னஞ்சிறு விசிறி, கத்தை கத்தையாகக் கம்பிகள்.

"என்னப்பா, கடை வைக்கப் போகிறாயா?"

"இல்லை சார். கம்ப்யூட்டர். நானே சேர்த்துக் கட்டப் போகிறேன். இதுதான் முதல் தடவை."

தறி நின்றது. "நீங்களே கேளுங்க சார். கடையிலே முழுசா வாங்கினா வேலை முடிஞ்சுது. இதிலே ஒண்ணு கெட்டுப் போனா என் இரண்டு மாசக் கூலி போச்சு!" என்றார் தகப்பனார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன். எனக்கோ அந்த யந்திரத்தின் தலை எது, வால் எது என்று தெரியாது. ஆனால் அதன் சரித்திரம் கொஞ்சம் தெரியும். அதைத்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

முதலில் தறிக்கு மேலே தொங்கிய அட்டைகளைக் காட்டினேன். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக 1804-ல் ஜக்கார்டு என்பவர் அமைத்த ஏற்பாடு அது. அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும், இழை தூக்கும். துளை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே சொல்லால் ஒரு மயிலையோ மாங்காயையோ புடவையில் இறக்கிவிடலாம். துளையிட்ட அட்டையையே கொண்டு 1890-ல் ஹோலரித் என்பவர் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை எடுத்தார். இன்றைய கம்ப்யூட்டருக்கும் அந்த இரண்டு சொல்தான் பாஷை.

"அப்படியானால் இது நம்ம தறிக்குப் பேரன்!" என்றார் நெசவாளர்.

நம் தேசத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையிலும் இதே தகப்பன் மகன் வழக்கு உண்டு. வாங்குவதா, கட்டுவதா? கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் 1955-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு யந்திரத்தை விலைக்குத் தருவித்தது. அதே சமயம் பம்பாயில், ஹோமி பாபா ஸ்தாபித்த டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு சிறு கூட்டம் தானே கட்டுவதென்று துணிந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையில் பிறந்து, கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் படித்த ஆர். நரசிம்மன். அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்து 1954-ல் அங்கே சேர்ந்தார். அவரைத் தவிர மற்றவர்கள் ஒரு கம்ப்யூட்டரை உபயோகித்ததுகூட இல்லை!

1956-ல் முதலில் ஒரு சின்ன மாதிரி யந்திரம் செய்து பார்த்தார்கள். அது ஓடிய பிறகே பெரியதில் கை வைத்தார்கள். 1960-ல் அது வேலைக்கு வந்தது. 2,700 வால்வுகள், 12,500 மின்தடைகள். பதினெட்டு அடி நீளம், எட்டடி உயர இரும்புச் சட்டத்தில் அத்தனையும் குடியிருந்தன. 1962-ல் பண்டித நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அதன் ஞாபகப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது நெசவாளர் குழியை விட்டே எழுந்து வந்துவிட்டார். சின்னஞ்சிறு காந்த வளையங்கள், ஏறக்குறைய 82,000. பாவு போல நெடுக்கே கம்பி, ஊடை போலக் குறுக்கே கம்பி. சந்திக்குமிடமெல்லாம் ஒரு வளையம். இரண்டு கம்பியிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்த ஒரு வளையம் மட்டும் புரண்டு கொள்ளும். இப்படிப்பட்ட வலைகளை அந்நாளில் பல தேசங்களில் பெண்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்து கோத்தார்கள். நெசவு என்றே அதற்குப் பெயர்.

"பிழைத்ததா அந்த யந்திரம்?" என்று கேட்டார் அவர், வியாபாரம் தெரிந்தவராக.

உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? கட்டி முடிப்பதற்குள் உலகம் வால்வை விட்டு டிரான்ஸிஸ்டருக்குத் தாவிவிட்டது. 1964-ல் அதே நிலையம் அமெரிக்காவிலிருந்து பெரிய யந்திரமொன்றை வாங்கத்தான் செய்தது. ஆனால் வந்திறங்கிய பெட்டியைக் கண்டு அவர்கள் மிரளவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கையால் கட்டி அறிந்தவர்கள் அல்லவா! 1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கம் தோன்றியபோது நரசிம்மனே அதன் முதல் தலைவர். யந்திரம் பழசாகிவிட்டது, கற்ற கை பழசாகவில்லை.

தனி மனிதன் வீட்டில் உட்கார்ந்து கட்டும் காலம் பிறகு வந்தது. 1975 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையொன்று ஆல்டேர் 8800 என்ற யந்திரத்தை அட்டையில் போட்டது. உதிரிப் பாகமாகத் தபாலில் வரும். பற்ற வைத்துக்கொள்ள வேண்டும். திரையும் கிடையாது, எழுத்துப் பலகையும் கிடையாது. அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள். 1981-ல் ஐ.பி.எம். கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் செய்து, அதன் அமைப்பையும் வெளியிட்டது. ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் செய்ததில் பொருந்தும் வழக்கம் அதிலிருந்து வேரூன்றியது. இந்தப் பையனின் பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்வது அதனால்தான். அவன் கையிலிருந்த விரல் நீளச் சில்லு எட்டு ஜி.பி. ஞாபகமாம். டிஃப்ராக்கைப் போல எட்டு லட்சம் மடங்குக்கு மேல்!

கதை முடிந்தபோது பையனும் முடித்திருந்தான். பித்தானை அமுக்கினான். விசிறி சுற்றியது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. மறுபடி அமுக்கினான், இருட்டு. பையன் முகம் சுண்டிவிட்டது. 'இரண்டு மாசக் கூலி' என் நெஞ்சில் இடித்தது. நானல்லவா தூண்டி விட்டவன்?

தகப்பனார் கோபிக்கவில்லை. "பாவிலே ஒரு இழை அறுந்தா தறியையா கொளுத்தறது? ஒரு முனையிலேர்ந்து பார்த்துக்கிட்டு வா" என்றார்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் அந்த ஞாபகச் சில்லு ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தது. அழுத்தினான், 'க்ளிக்' என்றது. பித்தானை அமுக்க, திரையில் வெளிச்சமும் எழுத்தும் வந்தன.

நெசவாளர் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு மகனுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் கழற்று. நான் கதை கேட்டுக்கிட்டிருந்ததிலே நீ பண்ணினதைச் சரியாப் பார்க்கலை. முதல்லேர்ந்து பண்ணிக் காட்டு."

நான் மெல்ல எழுந்து வெளியே வந்தேன். அன்றைக்கு அந்தத் தறியில் புடவை மேற்கொண்டு ஓர் அங்குலம்கூட வளர்ந்திருக்காது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது.