கான்சியர்ஜ் தளமும் அதன் கூடுதல் கட்டணமும்: ஒரு வரலாறு

பெரிய ஓட்டல்களில் சில மாடிகளை மட்டும் தனியே பிரித்து, அங்குள்ள அறைகளுக்குக் கூடுதல் வாடகை வாங்கி, அந்த விருந்தினருக்கென்று தனி லவுஞ்ச், காலைச் சிற்றுண்டி, மாலைப் பலகாரம், தனி வரவேற்பு மேசை ஆகியவற்றைத் தரும் ஏற்பாடு கான்சியர்ஜ் தளம் எனப்படுகிறது. கிளப் தளம், எக்சிகியூட்டிவ் தளம், டவர்ஸ் என நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றே. பல இடங்களில் சாவி அட்டையைக் காட்டினால்தான் லிஃப்டில் அந்த மாடியின் பொத்தான் வேலை செய்யும்.

அறை பதிவு செய்யும்போது சாதாரண அறைக்கு ஒரு விலையும் கிளப் அறைக்கு இன்னொரு விலையும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. நடுவிலுள்ள தொகையைக் கொடுப்பதா, வேண்டாமா? இக்கேள்வி இன்றைக்குப் புதிதாக முளைத்தது அன்று. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பயணிகள் இதை வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறார்கள்.

எல்லாம் சேர்ந்த ஒரே வாடகை

நவீன ஓட்டலின் கதையைப் பாஸ்டன் நகரில் 1829-இல் திறக்கப்பட்ட டிரெமான்ட் ஹவுஸிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பிருந்த வழிச்சத்திரங்களில் முன்பின் தெரியாதவரோடு ஒரே அறையை, சில நேரம் ஒரே கட்டிலைக்கூட, பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐசையா ரோஜர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த டிரெமான்ட் ஹவுஸில் தனி அறையும், கதவுக்குப் பூட்டும், விருந்தினர் கையில் சாவியும், இலவசமாகச் சோப்பும் கிடைத்தன. இன்று யாரும் கவனிக்காத இவை அன்று பெரிய செய்தி. சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அமெரிக்கா சென்றபோது பாஸ்டனில் தங்கியது இங்கேதான்.

அக்கால அமெரிக்க ஓட்டல்களில் அறை வாடகைக்குள்ளேயே சாப்பாடும் அடக்கம். குறித்த நேரத்தில் மணி அடிக்கும். விருந்தினர் நீண்ட மேசைகளில் ஒரே பந்தியாக உட்கார்ந்து உண்பார்கள். இம்முறைக்கு அமெரிக்கத் திட்டம் என்று பெயர். அறைக்கு மட்டும் வாடகை, உணவுக்குத் தனிக் காசு என்பது ஐரோப்பியத் திட்டம். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களுக்கு எதிரே தொங்கும் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ பலகை இரண்டும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும் என்று மட்டுமே சொல்கிறது, கட்டணம் தனித்தனிதான். கல்வித்துறையில் நாங்கள் வழங்கிய ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்ற பெயர் அமெரிக்கத் திட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது.

ஒரே பந்தி என்று சொல்லும்போது ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பந்தியில் கருப்பின மக்களுக்கு இடம் கிடையாது. அமெரிக்கா முழுவதும் ஓட்டல்களில் இன ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கியது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அதை எதிர்த்து அட்லாண்டாவில் ஒரு மோட்டல் உரிமையாளர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தள்ளுபடி செய்தது. ஆகவே பழைய ஓட்டலைச் சமத்துவப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. உள்ளே விடப்பட்டவர்களுக்குள் ஒரே விலை, ஒரே சாப்பாடு, அவ்வளவே.

ரயில் பாதைகள் பெருகியபின் பயணிகள் கண்ட கண்ட நேரத்தில் வந்து இறங்கினார்கள். நகரங்களில் நல்ல உணவகங்களும் தோன்றின. வெளியே சாப்பிட்டுவிட்டு வரும் வணிகர், ஓட்டலில் சாப்பிடாத சாப்பாட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியே நகர ஓட்டல்களிலிருந்து அமெரிக்கத் திட்டத்தை மெல்ல மெல்ல வெளியேற்றியது. மலைவாசஸ்தலங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் அது தங்கிவிட்டது. இந்தியச் சுற்றுலா முகவர்களின் விலைப்பட்டியலில் இன்றும் காணப்படும் ஏ.பி. என்பது அதன் சுருக்கம்தான்: மூன்று வேளை உணவும் அடக்கம். காலைச் சிற்றுண்டியும் இன்னொரு வேளைச் சாப்பாடும் என்றால் எம்.ஏ.பி.; காலைச் சிற்றுண்டி மட்டும் என்றால் சி.பி.; வெறும் அறை என்றால் ஈ.பி.

ஒன்றரை டாலருக்குக் குளியலறை

எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908-இல் பஃபலோ நகரில் திறந்த ஓட்டல் வேறொரு வழியைக் காட்டியது. ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலறையும் என்பது அவருடைய விளம்பரம். அதுவரை தனிக் குளியலறை செல்வந்தர் அறைகளுக்கே உரியது. ஸ்டாட்லர் இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, ஒரே செங்குத்துக் குழாய்த் தடத்தில் இணைத்தார். செலவு குறைந்தது, எல்லா அறைக்கும் குளியலறை வந்தது. பணக்காரருக்கு மட்டுமே இருந்த ஒன்றை அமைப்பு முறையால் மலிவாக்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார். ஓட்டல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

தனி வாசல்

எதிர்த்திசையில் போன ஓட்டலும் உண்டு. நியூயார்க்கின் பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு இடம் விட்டு இடிக்கப்பட்டபின், புதிய வால்டார்ஃப் அஸ்டோரியா 1931-இல் பார்க் அவென்யூவில் எழுந்தது. அதன் மேல்மாடிகள் வால்டார்ஃப் டவர்ஸ் என்ற பெயரில், தனி வாசலோடு தனி ஓட்டல் போலவே இயங்கின. முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், தளபதி டக்ளஸ் மெக்கார்தர், இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் ஆகியோர் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஓட்டலுக்குள் ஓட்டல் என்ற எண்ணம் இங்கே நன்றாக உருப்பெற்றுவிட்டது. ஆனால் அது சிலருக்கான வீடு. ஒரே ஓர் இரவு தங்குபவருக்கு விற்கும் சரக்காக அது இன்னும் மாறவில்லை.

அந்த மாற்றத்துக்கு முன்மாதிரி விமான நிலையத்தில் இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்ற ஓய்வறையைத் திறந்தது. பொதுக்கூடத்தின் இரைச்சலுக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. ஹயட் போன்ற ஓட்டல் நிறுவனங்கள் 1970-களில் இதே கதவை மாடியில் வைத்தன. ஹயட் அதற்கு ரீஜென்சி கிளப் என்று பெயரிட்டது. 1980-களில் மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அடிக்கடி தங்குவோருக்குப் புள்ளிகள் வழங்கும் திட்டங்களை ஹாலிடே இன்னும் மேரியட்டும் 1983-இல் தொடங்கின. புள்ளி சேர்த்தவருக்கு லவுஞ்ச் ஒரு பரிசாயிற்று. நிறுவனச் செலவில் வாரம் முழுவதும் ஊர் சுற்றும் அலுவலர்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான நாயகர். கூடுதல் தொகை அவர் பையிலிருந்து போவதில்லை. சேரும் புள்ளிகளோ அவர் கணக்கில்.

இதில் கான்சியர்ஜ் எங்கே வந்தார்? அச்சொல் பிரெஞ்சு. அரண்மனையைப் பராமரித்த அதிகாரிக்கு அப்பெயர். பாரிஸில், மரி அந்துவானெத் அரசி 1793-இல் சிறை வைக்கப்பட்ட கான்சியர்ஜெரி என்ற கட்டடத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. பிற்காலத்தில் அது கட்டடக் காவலரையும், ஓட்டலில் விருந்தினரின் தேவைகளைக் கவனிப்பவரையும் குறித்தது. பாரிஸ் ஓட்டல்களின் கான்சியர்ஜுகள் 1929-இல் அமைத்த சங்கம் பின்னர் லெ கிளே தோர் என்ற பன்னாட்டு அமைப்பாக வளர்ந்தது. அதன் உறுப்பினர் சட்டைக் கோட்டின் கழுத்துப் பட்டியில் குறுக்காக வைத்த இரண்டு தங்கச் சாவிகளை அணிவார்கள். நாடகச் சீட்டு, மருத்துவர், தொலைந்த பெட்டி என எதைக் கேட்டாலும் வழி காட்டுவது அவர்கள் தொழில். அவர்கள் நிற்கும் இடம் கீழ்த்தளத்துப் பொதுக்கூடம். எந்த மலிவான அறையில் தங்கியவரும் அந்த மேசைக்குப் போகலாம். கான்சியர்ஜ் தளத்துக்குக் கூடுதல் பணம் கட்டுபவர் வாங்குவது பெரும்பாலும் கான்சியர்ஜின் அறிவை அன்று, தீனியையும் அமைதியையும்தான்.

கூரையில்லாத ரயில் பெட்டி

பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டூபுயி 1849-இல் ரயில் கட்டணம் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாததற்குக் காரணம் கூரையின் செலவு அன்று என்றார் அவர். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது. அந்தப் பயத்தை உண்டாக்கவே ஏழையை வெயிலிலும் மழையிலும் உட்கார வைத்தார்கள் என்பது அவர் கண்டது. காந்தியடிகளும் 1917-இல் இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்புப் பற்றி எழுதியபோது, கட்டணத்தில் உள்ள விகிதம் வசதியில் இல்லையே என்று கேட்டார். முதல் வகுப்புக்கு ஐந்து மடங்குக்கு மேல் கட்டணம். மூன்றாம் வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது உண்டா என்பது அவர் கணக்கு.

ஓட்டலில் கூரையைப் பிடுங்க முடியாது. ஆனால் 2000-களில் பல உயர்தர ஓட்டல்கள் இணைய இணைப்புக்குத் தனிக் கட்டணம் வாங்கின; கிளப் தளத்தில் அது இலவசம். ஹயட் 2015-இல் எல்லா விருந்தினருக்கும் வைஃபையை இலவசமாக்கியது. மற்றவர்களும் அவ்வழியே வந்தார்கள். கிளப் தளம் விற்ற பண்டங்களில் ஒன்று ஒரே நாளில் மதிப்பிழந்தது. தொலைநகலும் காலைப் பத்திரிகையும் அதற்கு முன்பே போய்விட்டன. மறுபக்கம், ஹாம்ப்டன் இன் போன்ற நடுத்தர ஓட்டல்கள் எல்லா விருந்தினருக்கும் காலை உணவை இலவசமாகவே தருகின்றன. விலை கூடிய ஓட்டலில் இட்லிக்கும் தனிக் காசு, விலை குறைந்த ஓட்டலில் அது வாடகையிலேயே அடக்கம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். டூபுயியைப் படித்தவருக்கு அப்படித் தோன்றாது.

சாப்பிடாத சாப்பாடு

ஆகவே அந்தப் பழைய வணிகரின் கேள்வியையே நாமும் கேட்க வேண்டியிருக்கிறது. கான்சியர்ஜ் தளம் என்பது மாடியில் மட்டும் திரும்பி வந்த அமெரிக்கத் திட்டம், அதுவும் தனிப்பந்தியாக.

முதலில் நாள் பார்க்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் பல ஓட்டல்களின் லவுஞ்ச் வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ மூடியிருக்கும். யாருக்காக அது திறக்கப்பட்டதோ அந்த அலுவலர் வீட்டுக்குப் போய்விடுவார் அல்லவா? குடும்பத்தோடு ஊர் பார்க்க வருபவர் வருவதோ வார இறுதியில். ஒருமுறை நானும் குடும்பத்தாரும் அப்படிப் போய், ஞாயிறு மாலை திறக்கும் என்ற அட்டை தொங்கிய கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

அடுத்தது மது. ஆசிய ஓட்டல்களின் கிளப் லவுஞ்சில் மாலை நேர மது பெரும்பாலும் விலையில் அடக்கம். கூடுதல் கட்டணத்தில் அதற்கு நல்ல பங்கு உண்டு. குடிக்காதவர், சைவ உணவுக்காரர், இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர் ஆகியோர் பக்கத்து மேசைக்காரரின் செலவில் ஒரு பகுதியைச் சுமக்கிறார்கள். குழந்தைகளுக்கு அனுமதி உண்டா, எந்த வயதிலிருந்து என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும்.

இந்தியாவில் இன்னொரு படியும் உண்டு. ஐ.டி.சி. நிறுவனம் ஓட்டல் தொழிலில் இறங்கியதே 1975-இல் சென்னையில் சோழா ஓட்டலைத் திறந்துதான். இன்று ஐ.டி.சி. பெயர் தாங்கிய பெரிய ஓட்டல்களில் டவர்ஸ் என்ற பிரிவும், தாஜ் ஓட்டல்களில் தாஜ் கிளப் என்ற பிரிவும் உள்ளன. இங்கே ஜி.எஸ்.டி. அறை வாடகையைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். சாதாரண அறை காலைச் சிற்றுண்டியுடன் 7,000 ரூபாய், கிளப் அறை 9,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் வேறுபாடு 2,500. வரி சேர்ந்தால் முதலாவது 7,350, இரண்டாவது 11,210. உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது 3,860 ரூபாய். சிற்றுண்டி ஏற்கெனவே சாதாரண அறையிலேயே அடக்கம் என்பதால், இத்தொகைக்கு ஈடாகக் கிடைப்பது மாலைப் பலகாரம், பானங்கள், தேநீர், அமைதியான நாற்காலி ஆகியவைதான். மது தொடாத இரண்டு பேர் ஒரு மாலையில் 3,860 ரூபாய்க்கு எத்தனை சமோசா சாப்பிட முடியும்?

அதே கணக்கு வேறு சூழலில் தலைகீழாகவும் மாறும். சாதாரண அறை வெறும் ஈ.பி. விலையில் இருந்து, ஓட்டலுக்குள் காலை உணவு விலை கூடியதாக இருந்து, வெளியே நல்ல உணவகம் இல்லாத இடமாகவும் இருந்தால், இரண்டு பேரின் சிற்றுண்டியும் இரவு உணவைத் தவிர்க்கும் அளவுக்கு மாலைத் தீனியும் சேர்ந்து வேறுபாட்டை ஈடுகட்டிவிடும். வெளிநாட்டு நகரத்தில் அதிகாலை விமானத்தில் வந்து இறங்கி, அறை தயாராகும்வரை உட்கார இடம் தேடும் முதியவர்களுக்கும் அந்த நாற்காலி வெறும் ஆடம்பரம் அன்று. ஆனால் பணம் கட்டுமுன் ஓட்டலுக்கே தொலைபேசியில் பேசி, தாம் தங்கும் நாட்களில் லவுஞ்ச் திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு என்ன பரிமாறுவார்கள் என்று கேட்டுவிட வேண்டும். 2020-இல் கொரோனா காலத்தில் பல லவுஞ்சுகள் மூடப்பட்டன. அவற்றில் சில மீண்டும் திறக்கப்படவே இல்லை.