பிறர் சமயம் கற்றல்: பாட்டியாலா காட்டிய நெறி

தாயகத்தினின்று வடபுலம் வந்து வாழும் நாம், ஆண்டு மலர்தோறும் நம் மொழியின் தொன்மையையும் கலையின் மேன்மையையும் எழுதி மகிழ்கின்றோம். அது முறையே. ஆயினும், நாம் குடியேறிய இடத்து மக்களின் உள்ளத்தை அறிந்துகொள்வதும் நம் கடமையன்றோ? நம் காலனியை அடுத்துக் குருத்துவாரா ஒன்று இருக்கின்றது. வைகறையில் அங்கு எழும் கீர்த்தன ஒலியைக் கேட்டுத் துயிலெழுவோர் நம்முள் பலர். குருபூரப் நாளில் நம் பிள்ளைகள் அங்குச் சென்று, வரிசையில் அமர்ந்து, லங்கர் உணவை உண்டு வருகின்றனர். ஆனால் அந்தப் பாடல்களைப் பாடியவர் யாவர், அவர்கள் கூறியது யாது என்று பிள்ளைகள் கேட்பின், விடை கூறத்தக்கவர் நம்முள் எத்தனை பேர்? பல்லாண்டு பக்கத்தில் வாழ்ந்தும் அறியாதிருத்தல் நமக்குப் பெருமை தருவதன்று.

ஒரு சமயத்தில் பிறந்தவர் மற்றொரு சமயத்தை முறையாகக் கற்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு நம் நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்று கண்ட விடையை இக்கட்டுரையில் காண்போம். அம்பாலாவைக் கடந்து இராஜபுராவில் கிளைப் பாதையில் திரும்பும் இரயில் வண்டி பாட்டியாலாவை அடைகின்றது. அந்நகரத்துப் பஞ்சாபிப் பல்கலைக் கழகத்தில் 1967ஆம் ஆண்டு தோன்றிய சமயக் கல்வித் துறையே நாம் கூறப்போவது.

மணிமேகலை கேட்ட பாடம்

பல சமயங்களையும் அணுகிக் கேட்டறியும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையை நாம் அறிவோம். வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு, அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்னும் பதின்மரிடத்தும் அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். ஒவ்வொருவரும் தம் சமயத்தைத் தம் வாயாலேயே கூறுகின்றனர். எனினும் சாத்தனார் பௌத்தர். கதையின் முடிபும் பௌத்தத்தின் மேன்மையே. பிறர் கொள்கையைக் கேட்டது, அதனைக் கடந்து செல்லும் பொருட்டே. தீர்ப்புக் கூறாது, அறியும் பொருட்டே பிற சமயத்தைக் கற்பது என்பது அதற்கும் அப்பால் உள்ள ஒரு நிலை. இன்றைய பல்கலைக் கழகம் நாடுவது அந்நிலையையே.

இரு மொழிபெயர்ப்பாளர்

இந்நிலையை அடைதல் எளிதன்று. சீக்கிய மறையின் மொழிபெயர்ப்பு வரலாறே இதற்குச் சான்று பகரும். குரு அர்ஜுனர் 1604இல் தொகுத்த ஆதி கிரந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை, பிரிட்டிஷாரின் இந்தியா அலுவலகம் எர்னஸ்ட் டிரம்ப் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரிடம் ஒப்படைத்தது. அவர் பன்மொழிப் புலவர், இலக்கணம் வல்லவர். அவருடைய நூல் 1877இல் வெளிவந்தது. ஆனால் மறையின் ஒரு பகுதியையே அவர் பெயர்த்தார். முன்னுரையில் அந்த மறையை இழித்தும் எழுதினார். சீக்கியர் உள்ளம் புண்பட்டது. மொழி தெரிந்தும், அம்மொழியில் வழிபடுவோரின் மனம் அவருக்குத் தெரிந்திலது.

அப்புண்ணை ஆற்ற முன்வந்தவர் மக்காலிஃப். பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த அவர், 1893இல் பதவியைத் துறந்து இப்பணியில் இறங்கினார். கியானிகள் எனப்படும் சீக்கியப் புலவருடன் அமர்ந்து பொருள் கேட்டார். தாம் எழுதியதை அவர்களிடமே காட்டித் திருத்தம் பெற்றார். நாபாவைச் சேர்ந்த கான் சிங் என்னும் பேரறிஞர் அவருக்குத் துணைநின்றார். 1909இல் ஆறு தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்பை அறிந்த நமக்கு, ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரின் மறையை அன்புடன் அணுகுதல் இன்னதென விளக்க வேண்டுவதில்லை.

எனினும் டிரம்ப்பின் பிழையும் மக்காலிஃபின் நற்பணியும் தனி மனிதரின் இயல்பைப் பொறுத்தே அமைந்தன. நல்லியல்பு வாய்ந்த ஒருவர் வருவாரென ஒரு நாடு காத்திருத்தல் இயலுமா? அந்த இயல்பையே ஒரு கல்வி முறையாக ஆக்குதல் வேண்டும்.

சென்னை மாணவர் ஒருவர்

இவ்விடத்தில் நம் திருத்தணியில் பிறந்த ஒருவர் வரலாற்றில் வருகின்றார். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற காலத்தில், இந்து சமயத்தின் மீது பாதிரிமார் கூறிய குறைகளைக் கேட்டு வருந்தினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. அவர் சினந்து வெளியேறவில்லை. நூல்களை எடுத்துக் கற்றார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908இல் ஆய்வுரை ஒன்று எழுதினார். அதனைப் பாராட்டியவர், அக்கல்லூரியின் கிறித்தவப் பேராசிரியராகிய ஹாக். மாற்றுச் சமயத்து மாணவன் தன் சமயத்திற்காக வாதாடி எழுதியதை ஆசிரியர் நடுநிலையோடு போற்றியது, எண்ணி மகிழத்தக்க நிகழ்ச்சியாகும். பின்னாளில் அம்மாணவரே 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியரானார்.

நாடு விடுதலை பெற்ற பின், 1948இல் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவிற்கு அவரே தலைவர். அதன் அறிக்கை, பட்டப் படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோரின் வாழ்க்கையையும், இரண்டாம் ஆண்டில் உலக மறைகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகளையும், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தையும் கற்பிக்கலாம் எனக் கூறிற்று. அப்பெரியோர் பட்டியலில் புத்தர், இயேசு, முகம்மது நபி, சங்கரர், இராமானுஜர், கபீர், நானக் ஆகியோர் அருகருகே இடம் பெற்றனர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகானும் பஞ்சாபில் பிறந்த குருவும் ஒரே பாடத்தில் ஒன்றுகூடினர்.

ஆனால் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாதென விதித்துள்ளது. அவ்வாறாயின் சமயத்தைப் பற்றிப் பேசுவதே தவறாகுமா? 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இதற்குத் தெளிவு தந்தது. ஒரு சமயத்தைப் போதித்தல் வேறு; சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு. முன்னது வீட்டிற்கும் கோயிலுக்கும் உரியது. பின்னது பல சமயத்தார் கூடிவாழும் குடியரசிற்கு இன்றியமையாதது.

பாட்டியாலாவில் நாட்டிய கல்

பஞ்சாபிப் பல்கலைக் கழகம் 1962இல் நிறுவப்பெற்றது. அதனைத் தொடங்கிவைத்தவர், அப்போது குடியரசுத் தலைவராகியிருந்த அதே இராதாகிருஷ்ணன். ஐந்தாண்டு கழித்து, குரு கோவிந்த சிங்கின் முந்நூறாவது பிறந்தநாள் நினைவாக, அங்கே அவர் பெயரால் சமயக் கல்வித் துறை மலர்ந்தது. நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களில் சமயங்களை ஒப்பிட்டுக் கற்பதற்கென அமைந்த துறைகளுள் இது முன்னோடி எனப் போற்றப்படுகின்றது. இதற்கு உயிரூட்டியவர் பேராசிரியர் ஹர்பன்ஸ் சிங்.

துறைக்கென எழுந்த குரு கோவிந்த சிங் பவனத்திற்கு 1967 டிசம்பர் 27ஆம் நாள் அடிக்கல் நாட்டியவர் டாக்டர் ஜாகீர் உசேன். அந்நிகழ்ச்சியின் பொருளை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். 1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளவுண்டபோது, சீக்கியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் குருதியை ஒருவர் சிந்தினர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து எல்லை கடந்தனர். அதன்பின் இருபதே ஆண்டுகள் சென்றிருந்தன. காயம் ஆறாத அம்மண்ணில், சீக்கிய குருவின் பெயர் தாங்கிய ஒரு கல்விக்கூடத்திற்கு, முஸ்லிம் அறிஞராகிய குடியரசுத் தலைவர் கல் நாட்டினார். நீர்த்தடாகத்தின் நடுவே நிற்கும் அக்கட்டடம் ஐந்து கூறுகளை உடையது. இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம், கிறித்தவம், சீக்கியம் என்னும் ஐந்தையும் அவை குறிக்கின்றன.

இவ்வமைப்பு சீக்கிய மரபிற்கு அயலானதன்று. குரு கிரந்த சாகிபிலேயே குருமார்களின் பாடல்களோடு, முஸ்லிம் சூஃபியாகிய ஷேக் ஃபரீத், மராட்டிய நாமதேவர், நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாசர் ஆகியோரின் பாடல்களும் தொகுக்கப்பெற்றுள்ளன. மறையின் ஏடுகளிலேயே முன்னர்க் கூடியிருந்தவர்களை, வகுப்பறையில் மீண்டும் கூட்டியது இத்துறை.

மாணவரும் ஆய்வும்

இத்தகைய துறையில் மாணவர் செய்வது யாது? தம் சமயத்தின் பெருமையைப் பேசுதல் எவர்க்கும் எளிது. இங்கு ஒவ்வொருவரும் பிறர் சமயத்தின் மூலநூலைக் கற்று, அச்சமயத்தார் ஒப்புக்கொள்ளும் வகையில் விளக்கிக் காட்டுதல் வேண்டும். பௌத்தம் கற்கப் பாலியும், இஸ்லாம் கற்க அரபியும், சீக்கியம் கற்கக் குர்முகி எழுத்தும் வேண்டப்படும். வழிபாட்டிடங்களை நேரிற் கண்டு, அங்குள்ளோர் கூறுவதைக் கேட்டறிதலும் கல்வியின் கூறே. ஒரு சமயத்தைப் பற்றி நாம் எழுதும் வாக்கியத்தை அச்சமயத்தார் படித்து ஏற்றல் வேண்டும் என்று வலியுறுத்தியவர், ஹார்வர்டில் உலக சமய ஆய்வு மையத்தின் தலைவராக விளங்கிய வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித். மக்காலிஃபின் தனிப் பண்பாக இருந்தது, இங்ஙனம் மாணவர் அனைவர்க்கும் விதியாயிற்று.

1969இல் இத்துறை சமய ஆய்விற்கென ஆங்கில ஏடு ஒன்றைத் தொடங்கிற்று. பௌத்த ஆராய்ச்சியில் பெயர்பெற்ற லால் மணி ஜோஷி இங்குப் பணியாற்றினார். ஹர்பன்ஸ் சிங்கைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட சீக்கிய சமயக் கலைக்களஞ்சியம், 1990களில் நான்கு தொகுதிகளாக இப்பல்கலைக் கழகத்தின் வெளியீடாக வந்தது.

வந்த சோதனை

இவ்வழியில் முட்கள் இல்லாமலில்லை. 1969ஆம் ஆண்டு குரு நானக்கின் ஐந்நூறாவது பிறந்த ஆண்டு. அதற்கு முன்னாண்டில், பஞ்சாபின் பட்டாலாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த மக்லியட் என்னும் நியூசிலாந்து நாட்டவர் ஒரு நூல் வெளியிட்டார். குருவின் வாழ்வைக் கூறும் ஜனம்சாகிக் கதைகளை வரலாற்று உரைகல்லில் உரைத்து, அவற்றுட் பலவற்றுக்குச் சான்றில்லை என்று அவர் எழுதினார். அன்பர் பலர் கொதித்தனர். பக்தர் பல தலைமுறையாகப் போற்றிய கதையை ஆராய்ச்சியாளர் ஐயுறலாமா என்பது ஒரு வினா. ஐயுறுதலே கூடாதெனின் ஆராய்ச்சி எதற்கு என்பது மறு வினா.

மறு ஆண்டே ஹர்பன்ஸ் சிங் குரு நானக்கைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். கதைகளுக்குள் பொதிந்திருக்கும் சமூகத்தின் நினைவையும் பக்தியையும் மதித்து எழுதப்பெற்ற நூல் அது. இருவர் கருத்தும் ஒன்றுபடவில்லை. இன்றும் அவ்விவாதம் ஓய்ந்திலது. ஆயினும் நூலுக்கு நூலால் விடை கூறுதல், சென்னையில் இளைஞர் இராதாகிருஷ்ணன் மேற்கொண்ட வழியே அன்றோ? புண்பட்ட உள்ளத்திற்குப் பல்கலைக் கழகம் தரக்கூடிய மருந்து அதுவே.

நீதிமன்றமும் இவ்வழிக்கு இடந்தந்தது. 1969இல் அமிருதசரஸில் நிறுவப்பெற்ற பல்கலைக் கழகத்தில், குரு நானக்கின் வாழ்வையும் போதனையையும் ஆராய வகைசெய்த சட்டம் வழக்கிற்கு உள்ளாயிற்று. அத்தகைய ஆய்வு சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது.

நாம் செய்யத்தக்கது

நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் பயில விழைகின்றனர். பெற்றோரும் அதனையே விரும்புகின்றோம். பிழைப்பிற்காகப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அவ்விருப்பம் இயல்பே. சமயக் கல்வியை ஒரு பட்டமாகப் பயில முன்வருவோர் சிலராகவே இருக்கலாம். ஆனால் அத்துறை வகுத்த நெறி பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதன்று. பிறர் சமயத்தை அவர் வாய்மொழியால் அறிதல், அறிந்தபின் அவர் ஏற்கும் வகையில் உரைத்தல், ஐயம் எழின் அன்போடு வினவுதல் ஆகிய மூன்றையும் நம் வீட்டுத் திண்ணையிலேயே பழகலாம்.

நம் சங்க நூலகத்தில் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் உள்ள அலமாரியில், குரு கிரந்தத்தின் மொழிபெயர்ப்பு ஒன்றும் இடம் பெறட்டும். அடுத்த குருபூரப் நாளில் லங்கரில் அமரும் நம் பிள்ளைகள், உணவோடு நில்லாமல், அன்று பாடப்பெற்ற பாடலின் பொருளையும் கேட்டு வரட்டும். நம் பொங்கல் விழாவிற்கு அண்டை வீட்டுச் சர்தார்ஜியை அழைக்கும்போது, நம் திருவாசகத்தின் பொருளை அவர்க்கு எடுத்துரைக்க நாமும் கற்றிருப்போமாக. நம்மைக் குடியேற்றி வாழ்வித்த மண்ணிற்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.