உள்ளாட்சிப் பொறுப்பும் ஊரில் குடியிருத்தலும்

ஊரை நிர்வகிப்பவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஆனால் 'குடியிருத்தல்' என்பதற்கு எல்லாக் காலத்திலும் ஒரே பொருள் இருந்ததில்லை. சோழர் காலத்தில் சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்றார்கள். இன்றைய சட்டமோ, வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அவ்வூரில் வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது.

உத்திரமேரூர்ச் சபை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) உள்ளன. அவை கூறும் குடவோலை முறையைப் பள்ளி மாணவர்களும் அறிவர். குடத்தில் போடப்படும் ஓலையில் யாருடைய பெயரை எழுதலாம் என்ற பகுதிதான் அதிகம் கவனிக்கப்படுவதில்லை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தந்தக் குடும்பில் இருப்பவர்கள் கூடித் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுத வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்கு மேல், இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வியும் வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். நிலத்தில் இப்படிச் சலுகை தந்த சபை, வீட்டு விதியைத் தளர்த்தியதாகக் கல்வெட்டில் இல்லை.

காரணத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டு விலக்குகிறது. ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, நாளை அவரைத் தேடிப் போய்க் கேட்க ஒரு வாசல் வேண்டும் அல்லவா?

இந்த விதி பலரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். பிறர் நிலத்தில் உழுதவர்களும் கைவினைஞர்களும் பெண்களும் அதே ஊரில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் பெயர் ஓலையில் ஏறவில்லை. இதை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று சொல்வது மிகை.

பரம்பரை அலுவலரும் மாற்றலாகி வருபவரும்

ஆங்கிலேயர் காலத்தில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் பரம்பரையாகப் பதவி வகித்தனர். சென்னை மாகாணத்தின் 1895ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாரிசுரிமையை முறைப்படுத்தியது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் இவர்களுக்கு எந்த வயல் யாருடையது என்பது மனப்பாடம். அந்த அறிவே அதிகாரமாகவும் ஆனது. கணக்குப்பிள்ளையைப் பகைத்துக்கொண்டவர் பட்டாவை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருந்தது.

எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் இப்பதவிகளை ஒழித்தது. சுமார் 23,000 பேர் பதவி இழந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவர்களுக்குப் பதிலாகத் தேர்வு எழுதி, மாற்றலுக்கு உட்பட்டு வரும் கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவானது.

முன்பு இல்லாத சிக்கல் ஒன்று இதனால் வந்தது. மணியக்காரரை ஊரில் தங்கச் சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கு அதை விதியாகவே எழுத வேண்டியிருந்தது. பல ஊர்களில் அலுவலகத்தோடு சேர்த்துக் குடியிருப்பும் கட்டிக் கொடுக்கப்பட்டது. இருந்தும் பக்கத்து நகரத்திலிருந்து வந்து போகிறவர்கள் பலர். பிள்ளைகளின் படிப்பு, ஒரே அலுவலர் இரண்டு மூன்று கிராமங்களைப் பார்க்க வேண்டிய நிலை என்று அவர்கள் பக்கமும் காரணங்கள் உண்டு. சான்றிதழுக்கு இப்போது இணையவழி இருக்கிறது. ஆனால் அடங்கலில் பதியும் பயிரை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். இரவில் ஏரிக்கரை உடைந்தால் தகவல் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சித் தேர்தலில் நிற்பவரின் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாநிலங்களவை உறுப்பினர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியே 2003இல் நீக்கப்பட்டது. ஊராட்சியில் மட்டும் ஊர் விடவில்லை.

வாக்காளர் பட்டியலில் சேர வழக்கமாக அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகக் கருதப்படமாட்டார் என்றும், தற்காலிகமாக வெளியூர் போவதால் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொல்கிறது. உத்திரமேரூர் விதி இங்கே தலைகீழாகிறது. சென்னையில் வாழ்ந்துகொண்டு ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவருக்கு இடமில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மணமாகி அவ்வூருக்கு வந்த பெண்ணுக்கும் இடம் உண்டு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு 2016இல் சட்டமானபோது, சொந்தமாக நிலம் இல்லாத பெண்களும் நிற்க முடிந்தது இதனால்தான்.

ஆனால் ஊரில் வசிப்பவரே நிற்கலாம் என்ற விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வெளியூரார் நிற்க முடியாது. ஊரில் இருந்த பட்டியல் சாதியினரோ, எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் வயல்களில் கூலிவேலையை நம்பியிருந்தவர்கள். வேட்புமனு இல்லாமல் தேர்தல் நின்றது. சில முறை வென்றவர்கள் உடனே பதவி விலகினர். பட்டியலில் பெயர் இருந்தும் பத்தாண்டு காலம் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தனர்.