பிரதிகளின் வறுமை: இத்தாலிய ஹெர்குலிஸ் படங்கள் மலிவுச் சரக்கான வரலாறு

பியெத்ரோ ஃபிரான்சிஸ்கி இயக்கிய ‘ஹெர்குலிஸ்’ 1958இல் வெளிவந்தது. ஆணழகர் ஸ்டீவ் ரீவ்ஸ் நாயகன். ஒளிப்பதிவு மாரியோ பாவா. மறு ஆண்டு ஜோசப் லெவின் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், விளம்பரத்தில் பணத்தை வாரியிறைத்து, சுமார் 600 பிரதிகளுடன் வெளியிட்டார். வசூல் குவிந்தது. ரோம் நகர ஸ்டுடியோக்களிலிருந்து இதே பாணியில் படங்கள் வரிசைகட்டி வந்தன. 1964இல் செர்ஜியோ லியோனியின் கௌபாய் படம் வென்றதும் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டனர்.

இவை குறைந்த செலவில் எடுக்கப்பட்டவைதாம். ஆனால் இன்று இவற்றின் மேல் படிந்திருக்கும் அலங்கோலத் தோற்றத்தில் பெரும்பகுதி படப்பிடிப்பில் வந்ததல்ல. வீட்டுக்குள் வந்த பிரதிகளில் சேர்ந்தது.

முதல் சேதம் தொலைக்காட்சியில் நேர்ந்தது. 1960களில் அமெரிக்க நிலையங்களுக்காக 14 படங்கள் ‘ஹெர்குலிஸின் புதல்வர்கள்’ என்ற தொகுப்பாக விற்கப்பட்டன. 1914இன் ‘கபீரியா’ படம் முதல் இத்தாலியர் அறிந்த திரை வீரன் மாச்சிஸ்தேகூட அதில் ஹெர்குலிஸின் மகனாக்கப்பட்டான். 2.35:1 அகலத்திரைப் படத்தை 1.33:1 பெட்டிக்குள் அடைத்தால் ஏறத்தாழ 43 விழுக்காடு காட்சி வெளியே போய்விடும். இரு ஓரங்களில் நிற்பவர்கள் பேசிக்கொள்ள, திரையில் நடுத்தூண் மட்டும் தெரியும். ஈஸ்ட்மேன்கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் கடலும் காடும் செம்பழுப்பாயின.

1980களின் வீடியோ கேசட்டுகள் பலவும் இத்தகைய 16 மி.மீ. பிரதிகளிலிருந்தே எடுக்கப்பட்டன. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும்தோறும் படம் மேலும் கரைந்தது. இதற்குச் சட்டமும் வழிவிட்டது: 28ஆம் ஆண்டில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாத படங்கள் அமெரிக்காவில் பொதுச்சொத்தாயின, கையில் பிரதி உள்ள எவரும் விற்கலாம் என்றானபோது மூல நெகட்டிவைத் தேடிச் செலவழிக்க யாருக்கும் காரணமில்லை. 1996 முதல் வெளிநாட்டுப் படங்கள் பலவற்றுக்கு உரிமை மீண்டது. எனினும் ஐம்பது படங்களை ஒரே பெட்டியில் திணித்த மலிவு டிவிடிகளில் அதே பழைய பிரதிகள்தாம் திரும்பவும் வந்தன.

பாவாவே இயக்கிய ‘பாதாள உலகில் ஹெர்குலிஸ்’ (1961) இதற்குத் தக்க சான்று. ரெக் பார்க் நாயகன், கிறிஸ்டோபர் லீ வில்லன். கதவும் சன்னலும் கொண்ட ஒரே சுவர், நகர்த்தக்கூடிய நான்கு தூண்கள். இவற்றை மாற்றி மாற்றி வைத்தே அரங்குகளை அமைத்ததாகப் பாவா சொல்லியிருக்கிறார். அந்த இல்லாமையை அவர் ஒளியால் மறைத்தார். பாதாளக் காட்சிகளில் நீலமும் சிவப்பும் பச்சையும் இருளுக்குள்ளிருந்து கசிந்து வருகின்றன. அரங்கு முடியும் இடத்தைப் புகையும் நிழலும் விழுங்கிவிடுகின்றன. மட்டமான கேசட் முதலில் அழிப்பது நிறத்தையும் நிழலையும்தான். திரையை அகற்றியதுபோல், பின்னாலிருந்த அட்டைச்சுவர் வெளிப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பாவாவின் கற்பனை வறண்டதென எழுதியவர்கள் பெரும் அநீதி செய்தார்கள்.

நல்ல ப்ளூ-ரேயில் அந்த நிறங்கள் மீண்டுவிட்டன. ஆங்கிலப் பதிப்பில் லீயின் குரல் மட்டும் மீளவில்லை. அவருக்கு வேறொருவர் டப்பிங் பேசியது 1960களிலேயே நடந்த காரியம், அந்தக் குறை பிரதியுடையதல்ல.