ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: பாலைநடுவே ஒரு தந்தி ஊர்



ஆஸ்திரேலிய வரைபடத்தின் நடுப்பகுதியில் விரலை வைத்தால், அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் அருகில் நிற்கும். வடக்கே டார்வினும் தெற்கே அடிலெய்டும் தரைவழியில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சுற்றிலும் செம்மண் பாலை.

1871ஆம் ஆண்டு தந்திக் கம்பி செல்ல வழி தேடி வந்த நில அளவையாளர் வில்லியம் மில்ஸ், வறண்ட ஆற்றுப்படுகையில் நீர் நிற்பதைக் கண்டு அதனை ஊற்றென்று எண்ணினார். ஆற்றுக்குத் தந்தித் துறைத் தலைவர் சார்லஸ் டாட் அவர்களின் பெயரும், நீர்நிலைக்கு அவர்தம் துணைவியார் ஆலிஸ் பெயரும் சூட்டப்பட்டன. உண்மையில் அது ஊற்றன்று. அடியிலுள்ள பாறையால் தேங்கி நின்ற ஆற்றுநீரே. வாழையடி வாழையாக அங்கு வாழ்ந்துவரும் அரெண்டே மக்கள் அவ்விடத்தை 'ம்பாண்ட்வே' என்றே அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். அவர்களைக் கேட்டிருந்தால் மில்ஸ் ஊற்றைத் தேடியிருக்கமாட்டார்!

தந்திப் பாதை 1872 ஆகஸ்டு 22ஆம் நாள் இணைக்கப்பட்டது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கம்பங்கள் ஏறத்தாழ 36,000. இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அடிலெய்டில் தட்டிய செய்தி, இடைநிலையங்களில் கையால் மீண்டும் தட்டப்பட்டு டார்வினை அடையும். அங்கிருந்து கடலடிக் கம்பி வழியே சாவகம், சிங்கப்பூர், பினாங்கு, மதராஸ் எனக் கடந்து லண்டன் செல்லும். மாதக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்த செய்தி, மணிக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. நம் மாணவர்களுக்கு வரைபடத்தில் இவ்வழியைக் கோடிட்டுக் காட்டலாம்.

1888இல் அமைந்த ஊருக்கு முதலில் 'ஸ்டுவர்ட்' என்றே பெயர். 1933இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆயிற்று. 1929இல் இரயில் வரும்வரை சரக்குகளைச் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தோர். 'கான்' என்னும் இரயிலின் பெயர் அவர்களை நினைவூட்டுவதாகச் சொல்வர்.

டாட் ஆறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அம்மணலில் அடிப்பகுதியற்ற படகுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் 'படகுப் போட்டி' 1962 முதல் நடைபெறுகிறது. 1993இல் ஆற்றில் வெள்ளம் வந்ததால் அப்போட்டி நிறுத்தப்பட்டது என்பது வேடிக்கையான செய்தி.

நகரின் இருபுறமும் நீள்கிறது மெக்டானல் மலைத்தொடர். சிம்ப்சன் கணவாயில் சிறிய பாறை வாலபிகளைக் காணலாம். பலரும் இந்நகருக்கு அருகிலேயே இருப்பதாக நினைக்கும் உலுரு, சாலைவழி 450 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 348 மீட்டர் உயரமுள்ள அப்பாறை 1985இல் அனாங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 2019 அக்டோபர் முதல் அதன்மீது ஏறுவதற்குத் தடை.

ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டிய இடம், நகருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள ஸ்டான்லி மலைப்பிளவு. நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் சிறிது நேரம் மட்டும் அதன் உயர்ந்த சுவர்கள் தீப்பிழம்பெனச் சிவக்கும். அப்பெயர் அரசனுடையதோ ஆளுநருடையதோ அன்று. ஒரு பள்ளி ஆசிரியையுடையது.

ஐடா ஸ்டான்லி, 1914இல் தொடங்கிய அவ்வூர்ப் பள்ளியின் முதல் ஆசிரியை. காலையில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும், பிற்பகலில் 'பங்களா' எனப்பட்ட விடுதியின் கலப்பினப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். பெயர்தான் பங்களா, இருந்தவையோ தகரக் கொட்டகைகள். அங்கே பிள்ளைகளைப் பேணிய டாப்சி ஸ்மித் என்னும் பழங்குடி அம்மையாரின் பெயரையும் நாம் மறத்தல் தகாது. அரசின் கொள்கையால் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் பலர் அவ்விடுதியில் வளர்ந்தனர். ஆசிரியையின் அன்பு மெய்யாயினும், அன்னை இல்லாக் குறையை அது தீர்த்திருக்குமா?

1928இல் விடுதி ஜே க்ரீக் என்னுமிடத்திற்கு மாறியது. ஐடா அம்மையாரும் உடன் சென்று, 1929இல் ஓய்வு பெற்றார். 1932 முதல் 1942 வரை அப்பிள்ளைகள் வைக்கப்பட்ட இடம், பழைய தந்தி நிலையம். இவ்வாறு பிரிக்கப்பட்ட தலைமுறைகளிடம் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13ஆம் நாள் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அத்தந்தி நிலையக் கற்கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். மில்ஸ் ஊற்றென்று கருதிய நீர்நிலை அவற்றின் அருகில்தான் இருக்கிறது.