தில்லிக் குடியிருப்புகளில் சிறுத்தை நடமாட்டம்

தில்லியின் தென் விளிம்பிலும், வடக்கே யமுனைக் கரையிலும் உள்ள குடியிருப்புகளுக்குள் சிறுத்தைகள் அவ்வப்போது வந்துபோகின்றன. இந்தியாவில் மனிதர்களுக்கு மிக அருகில் வாழப் பழகிய பெரிய பூனை இதுவே. அமெரிக்காவில் இந்த இடம் பியூமா எனப்படும் மலைச்சிங்கத்துக்கு உரியது.

நிஜாமுதீனுக்கும் சப்தர்ஜங் கல்லறைக்கும் இடையே நகரின் நடுவில் ஓடும் லோதி ரோடு சிறுத்தையின் வழித்தடத்தில் இல்லை. ஆனால் ஊருக்குள் வந்த சிறுத்தையை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல் பிறந்தது இங்கேதான். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இச்சாலையின் சி.ஜி.ஓ. வளாகத்தில் இயங்கிய காலத்தில், 2011 ஏப்ரலில் அதை வெளியிட்டது. 2014இல் அமைச்சகம் பக்கத்து ஜோர் பாக்கில் உள்ள இந்திரா பர்யாவரண் பவனுக்கு மாறியது.  லோதி ரோட்டிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் சிறுத்தை வந்துபோன சைனிக் ஃபார்ம்ஸ்.

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லிக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் தென்பகுதியில் இருப்பது 32.71 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயம். ஒரு காலத்தில் இதன் கணிசமான பகுதி கல்லும் மண்ணும் வெட்டியெடுத்த சுரங்கம். தோண்டுவது நின்று, குழிகளில் மழைநீர் தேங்கி, முட்செடியும் மரமும் மூடிய பிறகு விலங்குகள் திரும்பின. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் தில்லி வனத்துறையும் 2021–22இல் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் பார்த்தபோது குறைந்தது 8 சிறுத்தைகள் தென்பட்டன. ஃபரிதாபாத், குருகிராம் மலைக்காடுகளோடு தொடர்ச்சி இருப்பதால் அவை மாநில எல்லை பாராமல் போய்வருகின்றன. தாயைப் பிரிந்து புது இடம் தேடும் இளம் சிறுத்தைகளே பெரும்பாலும் தடம் மாறிக் குடியிருப்புக்குள் நுழைகின்றன. குப்பை மேடுகளில் பெருகும் தெருநாயும் பன்றியும் அங்கே அவற்றுக்கு இரை.

2016 நவம்பரில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட தில்லியில் யமுனை பல்லுயிர்ப் பூங்காவில் ஒரு சிறுத்தை தென்பட்டது. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பாழ்பட்ட நிலத்தைக் காடாக்கி உருவாக்கிய பூங்கா அது. சிறுத்தையின் வருகையை, காடு மீண்டதற்கான சான்றாக அங்குள்ள அறிவியலாளர்கள் கண்டனர். பல நாள் யாரையும் தாக்காமல் இருந்த அதை, டிசம்பரில் கூண்டு வைத்துப் பிடித்து சகாரன்பூர்ப் பக்கத்துச் சிவாலிக் காட்டில் விட்டார்கள். அதே நவம்பரில் குருகிராம் மாவட்டத்தின் மண்டாவர் கிராமத்துக்குள் புகுந்த சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியது. திரண்ட கூட்டம் அதைத் தடிகளால் அடித்தே கொன்றது. தப்பிக்க வழியின்றிச் சூழப்பட்ட விலங்கு பாய்கிறது. பாய்ந்ததும் கூட்டத்தின் வெறி ஏறுகிறது. நாடு முழுவதும் இந்த வகை நிகழ்வுகளில் பல காயங்கள் இப்படித்தான் நேர்கின்றன.

2017 அக்டோபரில் மானேசரில் மாருதி தொழிற்சாலைக்குள் ஒரு சிறுத்தை நுழைந்தபோது ஆட்களை வெளியேற்றிவிட்டு, ஒன்றரை நாள் பொறுமையாகத் தேடி மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. 2023 பிப்ரவரியில் காசியாபாத் நீதிமன்ற வளாகத்தில், நெருக்கடியான கட்டடத்துக்குள் புகுந்த சிறுத்தையால் பலர் காயமடைந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் சைனிக் ஃபார்ம்ஸ் சாலையில் நடந்த சிறுத்தை காணொளியில் பரவியது. கூண்டுகள் வைத்தார்கள், அது சிக்கவில்லை, யாரையும் தொடவும் இல்லை. 2024 ஏப்ரல் 1 அன்று வட தில்லி ஜகத்பூரில் வீடுகளுக்குள் புகுந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஓர் அறைக்குள் அடைபட்ட அதை வனத்துறையினர் அன்றே பிடித்தனர்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் சிறுத்தை உள்ளது. மனித உயிருக்கு ஆபத்தானது அல்லது மீள முடியாதபடி ஊனமோ நோயோ உற்றது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக ஆணையிட்டால் தவிர அதைக் கொல்ல முடியாது. 2011 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் பிடிக்கக் கூடாது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது காவல்துறையின் முதல் வேலை, பிடித்தாலும் தொலைதூரக் காட்டில் கொண்டுபோய் விடக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் மகாராஷ்டிரத்தின் கசப்பான அனுபவம் இருக்கிறது. ஜுன்னார் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4 என இருந்த தாக்குதல், 2001 முதல் சிறுத்தைகளை ஊரோரம் பிடித்துக் காட்டில் விடத் தொடங்கியபின் 17 ஆனது என்று வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பழகிய இடத்தை இழந்த விலங்கு, அறியாத நிலத்தில் தடுமாறுகிறது. காலியான இடத்துக்கு வேறொன்று வந்துசேர்கிறது. 'பிடித்துக்கொண்டு போங்கள்' என்று மக்கள் கேட்பது அச்சத்தால், அதில் குற்றமில்லை. அந்தக் கோரிக்கைக்கு உடனே இணங்கிக் கூண்டு வைக்கும் நிர்வாகம்தான் அடுத்த ஊருக்கு ஆபத்தை அனுப்பிவைக்கிறது.

தமிழ்நாட்டிலும் இது மலையோரச் செய்தி மட்டுமன்று. 2024 ஏப்ரலில் காடே இல்லாத மயிலாடுதுறை நகரில் சிறுத்தை தென்பட்டது. அதே ஆண்டு ஜூனில் திருப்பத்தூர் நகரில் ஒரு சிறுத்தை பள்ளி வளாகத்துக்குள் நுழைந்தது. வால்பாறையிலும் பந்தலூரிலும் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. அங்கே புதர் அகற்றலும், தெருவிளக்கும், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு அருகிலேயே கழிப்பறையும் உயிர் காக்கும் வசதிகள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070.

கூண்டுக்கு மாற்று வழியை அமெரிக்காவில் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பி-22 என்ற ஆண் மலைச்சிங்கம் இரண்டு பெருஞ்சாலைகளைக் கடந்து வந்து, கிரிஃபித் பூங்காவில் பத்தாண்டு வாழ்ந்து, 2022 டிசம்பரில் இறந்தது. அந்நகரின் அருகே 101ஆம் நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குகள் கடக்கப் பாலம் கட்டும் வேலை அதே ஆண்டு தொடங்கியது. அசோலாவை ஆரவல்லியின் மற்றப் பகுதியோடு இணைக்கும் காட்டின் குறுக்கே குருகிராம்–ஃபரிதாபாத் சாலை போகிறது. இரவில் அதைக் கடக்கும் சிறுத்தைகள் வண்டி மோதி இறந்திருக்கின்றன. தில்லிக்கு அவசரமாகத் தேவைப்படுவது கூடுதல் கூண்டுகள் அல்ல, அந்தச் சாலைக்கு அடியில் விலங்குகள் கடந்துபோகும் பாதைகள்.