மெமரி கார்டும் மும்பைத் தமிழரின் இசை வரலாறும்

மும்பைத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்துமே தொடங்குகின்றனர். அங்கே சபைகள் இருந்தன. அவை தாள்களை விட்டுச்சென்றன. 1952-இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபை 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே தனக்கென அரங்கம் கண்டது. எவர், எந்நாளில் பாடினார் என்பதை அழைப்பிதழ்களும் விழா மலர்களும் நாளிதழ் விமர்சனங்களும் சொல்லும். அருகிலுள்ள தாராவிக்கு இவ்வகை ஆவணம் அரிதாகவே வாய்த்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தோரின் வழியினர், திறன்பேசிக்கு முந்தைய ஆண்டுகளில் எதைக் கேட்டு வாழ்ந்தனர் என்பதற்கு நகக்கண் அளவுள்ள மெமரி கார்டே முதன்மைச் சான்று.

எம்பி3 என்னும் ஒலிச்சுருக்க முறை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தாரின் பெரும் பங்களிப்பால் உருவாகி, 1990களின் தொடக்கத்தில் பன்னாட்டுத் தரமாயிற்று. ஓர் ஓசை மற்றொன்றை மறைக்கும்போது செவி உணராத பகுதியைக் கழிப்பது அதன் அடிப்படை. குறுந்தகட்டில் ஏறத்தாழ 53 மெகாபைட் கொள்ளும் ஐந்து நிமிடப் பாடல், 128 கிலோபிட் வீதத்தில் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. அறுபது நிமிடக் கேசட் ஏறத்தாழப் பன்னிரண்டு பாடல்களைத் தாங்கியது. ஒரு ஜிகாபைட் கார்டு இருநூறைத் தாங்கியது. கணினியும் இணையமும் இல்லாதவர்க்கு அதனை நிரப்பித் தந்தவை செல்பேசிக் கடைகள். ரீசார்ஜ் செய்யும் கடையிலேயே பாட்டு ஏற்றித் தருவதும் ஒரு தொழிலாயிற்று.

இம்மாற்றத்தில் ஆய்வாளர் இழந்தது யாது? பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர் முகவரிகளையும் முதல் வெளியீட்டு ஆண்டையும் குறிக்குமாறு பணித்தது. திருட்டைத் தடுக்க எழுந்த இவ்விதி, கேசட் உறையை வரலாற்றுக் குறிப்பாகவும் ஆக்கியது. கடையில் நகலெடுத்த கோப்புக்கு உறை இல்லை. அதனிடத்தில் இருந்தது ஐடி3 என்னும் குறிச்சொல். 1996-இல் வந்த அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுகளே: தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனியிடம் இல்லை. முன்வரையறுத்த 80 இசைவகைகளுள் கர்நாடக இசை இல்லை. தமிழ் எழுத்துக்கும் அங்கே வழியில்லை. ஆகவே தமிழ்ப் பாடல்கள் ரோமன் எழுத்தில் பெயர்பெற்றன. கலைஞர் பெயர் அமரவேண்டிய இடத்தில் பதிவிறக்கத் தளத்தின் பெயர் அமர்வதும் வழக்கமாயிற்று. 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் இவற்றுக்கெல்லாம் இடமளித்தும் பழக்கம் எளிதில் மாறவில்லை.

எனினும் இக்குறைகளே சான்றாகவும் பயன்படும். ஒட்டிக்கொண்ட தளப்பெயர் கோப்பு வந்த வழியைக் காட்டும். கோப்புறைகள் நடிகர் பெயராலா, இசையமைப்பாளர் பெயராலா பகுக்கப்பட்டுள்ளன என்பது கேட்போரின் நினைவு முறையைக் காட்டும். அம்மன் பாடலும் இந்தித் திரைப்பாடலும் ஒரே கார்டில் அடுத்தடுத்து இருந்தால், அந்த வீட்டின் மொழியுலகம் ஓரளவு புலப்படும். கோப்புத் தேதியை மட்டும் ஐயத்தோடு அணுகவேண்டும். நாள் அமைக்கப்படாத கருவி 1980 என்றும் முத்திரையிடக்கூடும்.

சட்டத்தின் பார்வையில் இவை திருட்டு நகல்கள். படைப்பாளிகளுக்குச் சேரவேண்டிய வருவாய் சேரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திருட்டு நகல் என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிட்டால், உழைக்கும் மக்களின் கேட்டல் வரலாறு வழக்குப் பதிவேட்டின் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். சபைக்கு மலரும், குடிசைக்கு வழக்கும் என்னும் இப்பாகுபாட்டை ஆய்வுலகமும் ஏற்கலாகாது.

காலமும் குறைவு. இத்தகைய கார்டில் தரவு நிற்பது நுண்ணிய மின்னூட்டமாக. ஆண்டுக்கணக்கில் பயன்படாது கிடந்தால் அது கசிந்துவிடும். களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் பழைய கார்டுகளைக் கண்டால், உரியவர் இசைவுடன், பாடல்களையன்று, கோப்புப் பட்டியலையும் குறிச்சொற்களையும் மட்டுமேனும் படியெடுத்து வைக்கவேண்டும்; தனிப்பட்ட படங்களையும் செய்திகளையும் தொடலாகாது. ஏற்றித் தந்த கடைக்காரர்களின் வாய்மொழியையும் உடன் பதிய வேண்டும். அவர்கள் இல்லையேல் அப்பட்டியல் வெறும் பெயர்க்கோவையாகவே எஞ்சும்.